முத்திரை விழாத வாரம்

அன்னெலி பெரிவால் என்பவள் வாசலில் காலணியைக் கழற்றும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். மோனாவுக்கு அதில் உள்ளூர ஒரு குதூகலம். அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் உருப்படியான வழக்கோடு வருவார்கள் என்பது அவள் கணக்கு. வந்தவளின் கோட்டை வாங்கி மாட்டினாள், காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள், "அத்தான், ஆள் வந்திருக்கு! அந்தச் சட்டையை மாத்திட்டு வாங்க" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

ஈவர் லிண்டால் அதே சட்டையோடுதான் இறங்கி வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எந்தக் கிடங்கு தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சூண்டோஸ் ஊர்க்காரர்கள் அவரை விடவில்லை. மோனா அவருடைய காலமான மனைவியின் தங்கை; பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முதுகு கெட்டு வண்டியை விட்டதிலிருந்து, அத்தான் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கத்தான் தினமும் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஊர் அதை நம்பவில்லை. வழக்கு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்னெலியையும் ஊருக்குத் தெரியும். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவரும் பெண்களுக்கான 'கிரானென்' இல்லத்தை நடத்துகிறவள். யாரையும் கடிந்து பேசாதவள்.

"யோன்னான்னு ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தாள். "இலையுதிர் காலத்துல பையனோட எங்ககிட்ட வந்தா. தெற்கே ஒரு ஊர்ல வீடு பிடிச்சுக் கொடுத்தோம். முகவரி எனக்கும் நகராட்சியில எங்க இல்லத்தைப் பார்த்துக்கிற ஹோகனுக்கும் மட்டும்தான் தெரியும். போன வாரம் அவ புருஷன் நிக்லாஸ் நேரா அந்த வாசல்ல போய் நின்னுட்டான்."

இந்த நாட்டில் யாருடைய முகவரியையும் யாரும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம், ஒளிவுமறைவே கிடையாது. உயிருக்குப் பயந்தவர்களுக்கு மட்டும்தான் அரசாங்கம் அந்தக் கதவைச் சாத்தி வைக்கும். அப்படிச் சாத்திய கதவை ஒருவன் திறந்திருக்கிறான்.

"கதவை யார் திறந்தது?" என்றார் ஈவர்.

"பையன் எலிஸ். அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்னு புது ஸ்கேட்டைத் தூக்கிக் காட்டியிருக்கான். ஐஸ் ஹாக்கின்னா அந்தப் பிள்ளைக்கு உசுரு. பாவம், திறந்துட்டான்." அன்னெலி முகத்தைத் துடைத்தாள். "யோன்னாவோட தாடை உடைஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வரலைன்னா இன்னும் என்ன ஆயிருக்குமோ. நிக்லாஸ் இப்ப போலீஸ் காவல்ல இருக்கான். அவன் சட்டைப் பையில யோன்னாவோட வாடகை ஒப்பந்தத்தோட முதல் பக்கம், ஒரு நகல், இருந்திருக்கு."

"யார் கொடுத்தாங்கன்னு சொல்லலையா?"

"கேட்டா சிரிக்கிறானாம். ஆனா எனக்குத் தெரியும் அது எப்படிப் போச்சுன்னு." அவள் முன்னால் சாய்ந்தாள். "எங்க ஆபீஸ் காப்பியர். அதுக்குள்ள ஒரு ஹார்டு டிரைவ் இருக்கு. நகல் எடுக்கிற ஒவ்வொரு பக்கமும் அதுல படமா தங்கிடுமாம். போன மாசம் அது கர்கர்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. மெக்கானிக் யோரான் வந்து கழட்டிட்டு வேற டிரைவ் மாட்டினான். கம்பெனி சாமான் வர நாளாகும்னு வெளிச் சாமான்தான் போட்டான். பழசை அவனே எடுத்துட்டுப் போயிட்டான். வேற எப்படிப் போயிருக்கும், நீங்களே சொல்லுங்க!"

மோனாவின் கண் பளபளத்தது. காப்பியை மறந்து நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

ஈவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார். "என்னைப் பார்க்கச் சொன்னது யாரு?"

"யோன்னாதான் வெளியாள் வேணும்னா. யார் காட்டிக் கொடுத்ததுன்னு தெரியாம வேற வீட்டுக்கு நகரமாட்டேங்கிறா. தெரியலைன்னா, நிக்லாஸ் வெளியே வந்ததும் அவன்கிட்டயே திரும்பிப் போயிடுவாளாம். அடி எந்தப் பக்கத்துலேருந்து வரும்னாவது அங்க தெரியுமேங்கிறா." அன்னெலியின் குரல் மறுபடி உடைந்தது. "அவளை அங்க அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்?"

மோனாவுக்குக் குதூகலமெல்லாம் போய்விட்டது. அன்னெலி போன பிறகுதான், அவளுக்கு ஊற்றிய காப்பி அப்படியே ஆறிக்கிடந்ததைப் பார்த்தாள்.

யோன்னாவின் வக்கீல் அந்தத் தாளின் படத்தை அனுப்பிவைத்தார். மேலே வீட்டுக்காரர் பெயர், நடுவில் முகவரி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு மங்கலான சாம்பல் வட்டங்கள். கீழ் மூலையில் வெட்டிப்போட்ட நகம் போல ஒரு சின்னக் கீறல். பழைய மெஷின், அழுக்கு என்று மோனா நினைத்தாள். ஈவர் வாசிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிரானெனுக்குப் போனார்கள். வாசலில் காலணியைக் கழற்றியதும் ஈவரின் காலுறையில் ஓட்டை தெரிந்தது.

"அக்கா இருந்திருந்தா இந்தக் கோலத்துல வெளியே விட்டிருப்பாளா?" என்று மோனா முணுமுணுத்தாள்.

"துப்பு வைக்கிறது சட்டைப் பையிலதான், அதுல ஓட்டை இல்லை. காலுறை எதுக்கு?" என்றபடி அவர் நடைக்குள் நுழைந்தார்.

காப்பியர் நடைக் கோடியில் குளிர்ப்பெட்டி உயரத்துக்கு நின்றது. மோனாவுக்குச் சிரிப்பு வந்தது அதைப் பார்த்து அல்ல, சுவர்களைப் பார்த்து. பாத்திரம் கழுவும் முறை, பிறந்தநாள் பாட்டு, 'கழிப்பறையில் டயப்பர் போடாதீர்கள்', எல்லாவற்றின் குறுக்கேயும் சாய்வாக 'இரகசியம்' என்ற முத்திரை. எல்லாவற்றின் கீழ் மூலையிலும் அதே நகக் கீறல்.

"டயப்பர்ல என்னங்க இரகசியம்?"

அன்னெலியும் லேசாகச் சிரித்தாள். "ஹோகன் பண்ணின வேலை. இந்த மெஷின்லேருந்து வர எந்தத் தாளும் முத்திரை இல்லாம வெளியே போகக் கூடாதுன்னு பூட்டி வெச்சுட்டார். யாராலயும் அணைக்க முடியாது. பார்த்துப் பார்த்து இப்ப எங்க கண்ணுக்கு அது தெரியறதே இல்லை. அந்தக் கீறல் மெஷின் கண்ணாடில. முன்னாடி ஒரு குழந்தை பொம்மைக் காரை ஓட்டிடுச்சு."

சமையலறையில் ஈவர் ஒரு தாளின் முன் நின்றுவிட்டார். ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய செவ்வாய்க்கு எல்லோரும் சாப்பிடும் கிரீம் பன், செம்லா. 'செவ்வாய் மூன்று மணிக்கு, எல்லோரும் வரவும்' என்று பன் படம் போட்ட பளிச்சென்ற வெள்ளைத் தாள்.

"செம்லா நல்லா இருந்துதா?"

"என் கையால பண்ணினது." அன்னெலி முகம் மலர்ந்தது. "ஆனா ஆள்தான் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குப் பனி விடுமுறை. ஹோகன் பிள்ளைகளோட மலைக்குப் போயிட்டார். இங்க தங்கியிருந்த ரெண்டு பொண்ணுங்களும் நானும்தான்."

"இதை இன்னும் எடுக்கலையே?"

"எடுக்க மனசு வரலை" என்றாள்.

கோப்பு அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று அன்னெலியிடம், ஒன்று ஹோகனிடம். யோன்னாவின் கோப்பை அன்னெலி எடுத்துக் காட்டினாள். இங்கே எந்த ஆபீசிலும் உள்ள வழக்கப்படி நான்கு துளை போட்டு, நான்கு கம்பியில் கோத்த தாள்கள்.

"ஒப்பந்தத்தை எத்தனை தடவை நகல் எடுத்தீங்க?"

"ஒரே தடவை. இலையுதிர் காலத்துல, யோன்னா கையெழுத்துப் போட்டதுமே. நகலை அவகிட்ட கொடுத்துட்டு, அசலைத் துளை போட்டுக் கோத்துட்டேன். அதுக்கப்புறம் யாரும் தொடலை. ஹோகனும் அதையேதான் சொல்வார், கேட்டுப் பாருங்க."

வெளியே வந்ததும் மோனாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தான்! நிக்லாஸ்கிட்ட இருந்த தாள்ல முத்திரையே இல்லை. இந்த மெஷின்லேருந்து முத்திரை இல்லாம ஒரு தாளும் வராது. அப்ப அது டிரைவிலேருந்து நேரா எடுத்த படம்தானே?"

"டிரைவுல இருக்கிற படத்துல முத்திரை விழுந்திருக்குமா?"

"அதை யோரானைக் கேட்டாத் தெரியுது" என்று மோனா வண்டியைக் கிளப்பினாள்.

யோரான் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பிரின்டரைக் குடைந்துகொண்டிருந்தான். பெரிய உடம்பு, சவரம் செய்யாத முகம். சின்ன வயதில் மோனா ஓட்டிய பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன்.

"வாங்க மோனாக்கா. நீங்களும் கல்லெறிய வந்தீங்களா? பல் டாக்டர் வேற ஆளைப் பார்த்துட்டார். பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க, இனிமே வர வேண்டாம்னு. என் பொண்ணை வகுப்புல கேக்குறாங்களாம், உங்கப்பன் எவ்வளவுக்கு வித்தான்னு."

"பழைய டிரைவ் எங்கே?" என்றார் ஈவர்.

யோரான் சுவரில் ஆணியைக் காட்டினான். உள்ளங்கை அகல உலோகத் துண்டு, நடுவில் துரப்பணம் போட்ட மூன்று ஓட்டைகள். "அன்னைக்கே ஓட்டை போட்டுட்டேன். இதுதான் அதுன்னு எப்படி நம்புறதுன்னு கேப்பீங்க. நம்பாதீங்க. ஊரே நம்பலை."

"அதுல தங்குற படத்துல முத்திரை இருக்குமா?"

"இருக்காது. படம் வெறும் பக்கம்தான். தாள் வெளியே வரும்போதுதான் மெஷின் அது மேல முத்திரை குத்தும்."

"பார்த்தீங்களா!" என்று மோனா எழுந்தே விட்டாள்.

"முத்திரையோட அச்சு எங்கே இருக்கும்?" என்றார் ஈவர், அவளைத் திரும்பிப் பார்க்காமல்.

யோரான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "அதுவும் டிரைவுலதான். கம்பெனி டிரைவ்னா அதையும் ஏத்தியே அனுப்புவாங்க. வெளிச் சாமான் வெறும் சிலேட்டு. நாமதான் ஏத்தணும்."

"ஏத்தினியா?"

"மறந்துட்டேன்யா! போதுமா?" முகம் சிவந்துவிட்டது. "விடுமுறை ஆரம்பிச்ச அன்னைக்கு டிரைவை மாட்டினேன். பொண்ணு வண்டியில பனிச்சறுக்குக் கட்டையோட காத்துட்டிருந்தா. ஒரு வாரம் கழிச்சு, ஹோகன் மலையிலேருந்து வந்த அன்னைக்குக் காலையிலதான் ஞாபகம் வந்துது. கண்ணாடி துடைக்க வந்தேன்னு சொல்லி உள்ளே போய் ஏத்திட்டு வந்துட்டேன். யாரும் கவனிக்கலை. நானும் வாயைத் திறக்கலை. வெளிச் சாமான் போட்டா இப்படித்தான்னு பேர் ஆயிடும் பாருங்க."

ஈவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். வண்டியில் மோனா நச்சரித்துப் பார்த்தாள். அவர் பனி விலகிய வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவி செத்த வருடம் அவர் இப்படித்தான் இருந்தார், அது மோனாவுக்கு நினைவு வந்தது.

அன்று மாலை யோன்னாவுக்குப் போன் போட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவள் பல்லுக்கிடையில் பேசினாள்.

"அவன் ஏன் சொல்லமாட்டேங்கிறான் தெரியுமா? சொல்லிட்டா நான் ஒருத்தரை மட்டும் வெறுத்துட்டுப் போயிடுவேன். சொல்லாம இருந்தா எல்லாருக்கும் பயந்துட்டே இருப்பேன். ஊசி போட வர நர்ஸைக்கூடச் சந்தேகமாப் பார்க்கிறேன். அவனுக்கு அதுதான் வேணும்."

"எலிஸ் எப்படி இருக்கான்?"

"பேசமாட்டேங்கிறான். தன்னாலதான்னு நினைச்சுட்டிருக்கான். அந்த ஸ்கேட்டை மட்டும் விடமாட்டேங்கிறான். போலீஸ்காரங்க கேட்டும் கொடுக்கலை, யாருக்கும் காட்டாம போர்வைக்குள்ள கட்டிப் பிடிச்சுட்டே தூங்கறான்."

"அவனோட பழைய ஸ்கேட்டா?"

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. வீட்ல விட்டுட்டு வந்த பழசுன்னு. நானும் திருத்தலை. அது புத்தம் புதுசு, பெட்டி வாசனைகூடப் போகலை. என்னை அடிச்சவன் வாங்கிக் கொடுத்ததைக் கட்டிட்டுத் தூங்கறான்னு எப்படிங்க வெளியே சொல்வேன்? வெக்கமா இருக்கு." மூச்சு வாங்கினாள். "அன்னெலிகிட்டக்கூடச் சொல்லலை. அவங்க இங்க வந்து ராப்பகலா என் கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. மனுஷங்கன்னு எனக்கு மிச்சம் இருக்கிறது அவங்க ஒருத்தர்தான்."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மோனா, நறுக்கிக்கொண்டிருந்த ரொட்டியைப் பாதியில் விட்டாள். முதல் நாள் இதே மேஜையில் யாரோ 'புது ஸ்கேட்' என்று சொன்னது அவள் காதில் இருந்தது. யார் என்று நினைவு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்தான்..." என்றாள் போன் வைக்கப்பட்டதும். "இல்லைன்னு சொல்லுங்க."

அவர் இல்லையென்று சொல்லவில்லை.

கிரானென் சமையலறையில் எல்லோரையும் வரச்சொன்னார் ஈவர். அன்னெலி இலவங்கப்பட்டை பன் சுட்டு வைத்திருந்தாள். ஹோகன் வந்தான், ஒல்லியான மனிதன், மலை வெயிலில் தோலுரிந்த மூக்கு. யோரான் கதவோரமாக நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேஜை நடுவில் போன் கிடந்தது; மறுமுனையில் யோன்னா. அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஈவர் தாளின் படத்தைப் பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முதல்ல மூலையில இருக்கிற கீறல். இந்தச் சுவர்ல இருக்கிற எல்லாத் தாள்லயும் இதே கீறல் இருக்கு. அப்ப இது இங்கே, இந்த மெஷின்ல எடுத்தது. அடுத்தது இந்த நாலு வட்டம். அழுக்கு இல்லை. துளை போட்ட தாளை நகல் எடுத்தா, துளைங்க இப்படிச் சாம்பலா விழும்."

"அதனால?" என்றான் ஹோகன்.

"ஒப்பந்தத்தை நகல் எடுத்த பிறகுதான் துளை போட்டாங்க. அப்ப பழைய டிரைவுல இருந்த படத்துல துளை இருக்க முடியாது. இந்தத் தாள் அந்த டிரைவிலேருந்து வந்ததே இல்லை. யோரான் அதை ஓட்டை போட்டானா, மாலையாக் கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டானா, நமக்குக் கவலையே இல்லை."

யோரான் 'ஹும்' என்றான். அவன் கண் கலங்கியதை மோனா பார்த்தாள்.

"அலமாரியைத் திறந்து, கோத்திருந்த அசலை எடுத்து, யாரோ இன்னொரு தடவை நகல் எடுத்திருக்காங்க. சாவி இருக்கிறவங்க ரெண்டு பேர். எப்போ எடுத்தாங்க? தாளே சொல்லுது. முத்திரை இல்லை. முத்திரை இல்லாம இந்த மெஷின் தாள் கொடுத்தது ஒரே ஒரு வாரம்தான். வெளி டிரைவ் போட்டதுலேருந்து, யோரான் மறுபடி வந்து முத்திரையை ஏத்தின வரைக்கும்." குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்த வெள்ளைத் தாளைக் காட்டினார். "அந்த வாரத்துல எடுத்த இன்னொரு நகல் அது. டயப்பர்கூட இரகசியமா இருக்கிற இந்த வீட்ல, செம்லாவுக்கு மட்டும் முத்திரை இல்லை. தினம் பார்க்கிறவங்க கண்ணுக்கு அது தெரியலை."

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அன்னெலி மட்டும் பார்க்கவில்லை.

"அந்த வாரம் பூரா ஹோகன் மலையில. யோரானுக்குச் சாவி கிடையாது." ஈவர் தாழ்ந்த குரலில் பேசினார். "அன்னெலி, என் வீட்டுக்கு வந்தப்ப 'புது ஸ்கேட்'னு சொன்னீங்க. அது புதுசுன்னு யோன்னா யார்கிட்டயும் சொல்லலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்னெலி பன் தட்டை நேராக்கினாள், மறுபடி நேராக்கினாள்.

"என்கிட்டதான் காட்டினான்" என்றாள்.

போனில் மூச்சுச் சத்தம் நின்றது.

"செம்லா அன்னைக்கு. மீதிப் பன்னை எடுத்துட்டு வீட்டுக்குப் போறேன், வாசல்ல பெட்டியோட நிக்கறான். பனியில நனைஞ்சு, குழந்தை மாதிரி. எப்படி வெளியே நிக்க வைக்கிறது? காப்பி போட்டுக் கொடுத்தேன். என் சமையலறையில உட்கார்ந்து அழுதான். பிள்ளையோட கால் வளர்ந்திருக்கும், இந்த ஸ்கேட்டைத் தபால்ல அனுப்பணும், வேற ஒண்ணும் வேண்டாம்னான்."

"நீங்களே அனுப்பியிருக்கலாமே!" மோனா கத்திவிட்டாள்.

"சொன்னேனே. ஒரே ஒரு தடவை அப்பா கையால மகன் பேரையும் முகவரியையும் எழுதணும்னான். நிக்லாஸை உங்க எல்லாருக்கும் தெரியும். ஐஸ் மைதானத்துல பசங்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறவன். பேசித் தீர்க்க முடியாத சண்டையே கிடையாதுன்னு இத்தனை வருஷமா நான் எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன். ஒருத்தன் அழுறான், அவனை நம்பலைன்னா அப்புறம் நான் எதை நம்பறது? எழுதிக் கொடுத்தா என் கையெழுத்து தெரியும்னு மறுநாள் நகல் எடுத்தேன்."

"தெரியும்னு பயந்தீங்கல்ல?" ஹோகன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அப்ப தப்புன்னும் தெரியும். வேலியே பயிரை மேஞ்சிருக்கு! ஒரு அப்பாவி தலையில வேற கட்டினீங்க!"

"மெஷின் தலையிலதான் கட்டினேன்" என்றாள் அன்னெலி. ஈவரைப் பார்த்தாள். "நீங்களும் அப்படியே சொல்லியிருக்கலாமே. ஒரு இரும்புத் துண்டுன்னா அவ தாங்கியிருப்பா. என்னைத் தாங்க மாட்டா."

"அப்படிச் சொல்லியிருந்தா அடுத்த முகவரியும் உங்ககிட்டதான் வந்திருக்கும்" என்றார் ஈவர்.



"அன்னெலி." போனிலிருந்து யோன்னாவின் குரல், பல்லுக்கிடையில். "ராத்திரியெல்லாம் என் கையைப் பிடிச்சுட்டு இருந்தீங்களே. ஏன்?"

"வேற என்ன செய்யறதுன்னு தெரியலை, கண்ணு."

பிறகு யோன்னா, "ஈவர், நன்றி. ஹோகன், எனக்கு வீடு பார்க்க வேண்டாம்" என்றாள்.

"யோன்னா, கேளு, நான் புதுசா ஆட்களைப் போட்டு..." என்று இழுத்தான் ஹோகன்.

"வேண்டாம். யாரும் வேண்டாம்."

இணைப்பு அறுந்தது. ஹோகன் திரும்பத் திரும்ப அழைத்தான், அவள் எடுக்கவில்லை. யோரான் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பன்னை யாரும் தொடவில்லை.

வழக்கு முடிந்தது என்று சொல்லத்தான் வேண்டும். அன்னெலியின் மேல் வழக்குப் பதிவானது, கிரானென் பூட்டப்பட்டது. யோரானைப் பள்ளிக்கூடம் மறுபடி கூப்பிட்டது. போகமாட்டேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, பிறகு போனான். மருத்துவமனையிலிருந்து யோன்னாவும் எலிஸும் ஒரு காலையில் கிளம்பிப் போயிருந்தார்கள். எங்கே என்று ஹோகனுக்கும் தெரியவில்லை, வக்கீலுக்கும் தெரியவில்லை.

கோடையில் நிக்லாஸ் வெளியே வந்தான். அன்றிலிருந்து மோனாவுக்கு ஒரு வேலை. கடைக்குப் போகும்போதெல்லாம் சுற்றுவழியாக அவன் வீட்டுப் பக்கம் வண்டியை விடுவாள். கொடியில் பெண் துணி காய்கிறதா, வாசலில் சின்ன சைக்கிள் கிடக்கிறதா என்று பார்ப்பாள். திரும்பி வந்து, "இல்லை" என்பாள். "இன்னைக்கு இல்லை" என்பார் ஈவர்.

"நாம சொல்லாம இருந்திருந்தா அவளுக்கு ஒருத்தராவது இருந்திருப்பாங்க, அத்தான்" என்று ஒருநாள் சொல்லியேவிட்டாள்.

"இருந்திருப்பாங்க" என்றார். "அதை நினைச்சுத்தான் நானும் தூங்கறதில்லை."

முதல் பனி விழுந்த வாரம், ஊரின் தபால் வேலையையும் பார்க்கும் மளிகைக் கடையில் பொட்டலம் ஒன்று வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. மோனா போய் வாங்கி வந்தாள். ஈவர் பெயருக்கு, அனுப்பியவர் பெயர் இல்லை. பிரித்தார்கள். உள்ளே ஒரு சிறுவனின் ஸ்கேட். கடிதம் இல்லை, ஒரு வரிகூட இல்லை. தகடுகளில் பனிக்கட்டியின் ஒரு கோடுகூட விழவில்லை. பெட்டி வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒருநாள்கூடப் போடாமலே அது எலிஸுக்குச் சின்னதாகிவிட்டிருக்கும். எப்படியோ அவன் அதை விட்டுவிட்டான். நிக்லாஸிடம் திரும்பிப் போகவில்லை என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இருந்திருக்காது.

"தபால் முத்திரையில என்ன ஊர்?" என்றார் ஈவர்.

"பார்க்கலை" என்றாள் மோனா. "கடையில கையில வாங்கினப்பவே கட்டைவிரலால மறைச்சுட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் விரலை எடுக்கலை."

ஊரில் யார் வீட்டுக் கடிதம் என்றாலும் திருப்பிப் பார்க்காமல் விடாதவள் அவள். ஈவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேலுறையை அச்சு தெரியாதபடி உள்பக்கமாக மடித்து, அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டார். அது முழுவதும் எரியும்வரை இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்கள். பிறகு மோனா, ஸ்கேட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.